மாத்திரை இல்லாத மாதங்கள்

யாரோ காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் கோத்திருந்ததால் ஒருவர் ஆட்டினால் வரிசை மொத்தமும் நடுங்கியது. அந்த நடுக்கம் தமயந்தியின் இடுப்பெலும்பில் ஏறி, முதுகு வழியாக வந்து பல்லில் நின்றது. ஏனுங்க, கொஞ்சம் ஆட்டாம இருங்களேன் என்று சொல்லிவிடலாம். அதற்குத் திரும்ப வேண்டும், முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைக்க வேண்டும், அவர் சங்கடப்பட்டால் பரவாயில்லைங்க என்று சொல்லி முடிக்க வேண்டும். அத்தனைக்கும் தெம்பில்லை. ஆட்டட்டும். அவருக்கும் உள்ளே ஏதோ ஆடுகிறது, காலில் வந்து தெரிகிறது. எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது. ஒரு பெண் வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போட்டாள், சிரித்தாள், வாயசைத்தாள், மறுபடி சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆடிக் காற்று வேப்பமரத்தைப் பிடித்து உலுக்குவது தெரிந்தது, அதற்கும் சத்தமில்லை. டாக்டர் சுபத்ரா வார்டு பார்க்கப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுகிறோம் என்று நர்ஸ் சொல்லி ரொம்ப நேரமாகிவிட்டது. வந்ததும் என்றால் எப்போது என்று தமயந்தி கேட்கவில்லை. ஒன்பது வருஷமாக இங்கே வந்து போவதில் கேட்கக்கூடாத கேள்விகள் எவை என்பதாவது பிடிபட்டிருக்கிறது. போன வாரம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனபோது, ரிசல்ட்டை எப்போதும்போல போனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். மெசேஜ் வரவில்லை. ஒரு பெண் பேசினாள். "டாக்டர் நேர்ல வரச் சொன்னாங்க மேடம்." குரலில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாமல் பேச அந்தப் பெண்ணைப் பழக்கியிருப்பார்கள். நேரில் என்றால் என்ன அர்த்தம்? நல்ல சேதியை யாரும் நேரில் கூப்பிட்டுச் சொல்வதில்லை. சொல்வதில்லையா? மகள் மிருதுளாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஈரோட்டுக்காரர்கள், பிடித்திருக்கிறது என்பதைச் சொல்ல நேரில்தான் வந்தார்கள், பூவும் பழமும் வாங்கிக்கொண்டு. அதுவும் நேரில்தான். ஆக நேரில் என்பதற்கு ஒரே அர்த்தம்தான் என்றில்லை. நேற்றிலிருந்து இந்த ஒரு சொல்லை வாயில் அடக்கிக்கொண்டு திரிகிறாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நோய் தெரியவந்த அன்றைக்கும் ஒரு சொல் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. நல்ல வகை. தமயந்திக்கு வேலை, பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. மூடிப்போன மில் ஒன்றின் மைதானத்தில் காலை நேரம் முழுக்க அவளுடைய குரல்தான் கேட்கும். காலைக் கீழ ஊனாதீங்க, முன்னால பாருங்க, டயரைப் பாக்காதீங்க, எங்கே பாக்கறீங்களோ வண்டி அங்கதான் போகும். கற்றுக்கொள்கிறவள் வண்டியை உருட்டுவாள், இவள் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள். ஒருநாள் ஓட முடியவில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. இடது விலாவுக்குக் கீழே எதையோ வைத்து அமுக்கியதுபோல ஒரு கனம், இரண்டு இட்லிக்குமேல் உள்ளே போகவில்லை. வயசாகிறது, மெனோபாஸ் ஆரம்பம் என்று பக்கத்து வீட்டுக்காரி தீர்ப்பு சொன்னாள். ரத்தம் பார்த்த லேபில் மிஷின் கோளாறு என்று நினைத்து மறுபடி ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். மிஷினில் கோளாறில்லை. வெள்ளையணு லட்சத்தையெல்லாம் தாண்டி எங்கேயோ போயிருந்தது. டாக்டர் சுபத்ரா அன்றைக்கு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து சொன்னார். "பயப்படாதீங்க. ரத்தப் புற்றுநோய்தான். ஆனா அதுல இது நல்ல வகை. தினம் ஒரு மாத்திரை. சுகருக்கும் பிரஷருக்கும் போடறாங்க இல்லையா, அது மாதிரி." அரிசியில் நல்ல வகை உண்டு, வெங்காயத்தில் உண்டு. அழுவதா, நல்ல வகை கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல், சரிங்க, சரிங்க என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்த ரங்கராஜ்தான், அவள் புருஷன், கேட்டான். "எத்தன நாளைக்குங்க?" டாக்டர் பேனாவை மூடினார். "எப்பவும்," என்றார். பிறகு ஒன்பது வருஷம். உயிரோடிருந்தாள். மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். எத்தனையோ பெண்களை வண்டியோடு ரோட்டில் இறக்கிவிட்டாள். ஒன்றும் குறையில்லை. நல்ல வகைதான். அதனால்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளக்கூட அவளுக்குப் பாத்தியதை இல்லாமல் போயிற்று.

அலுப்பு என்றால் அப்படி ஒரு அலுப்பு. பெரிய வலியாக இருந்தால் வலி என்று சொல்லலாம். காலையில் எழுந்தால் கண்ணிமை இரண்டும் பூரியாக உப்பியிருக்கும். கெண்டைக்கால் திடீரென்று இழுத்துப் பிடித்து முறுக்கும், விரல்கள் கோணிக்கொண்டு நிற்கும், காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கத்தி கையைவிட்டு விழும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் குமட்டும், ஆனால் கொஞ்சம் கம்மி. பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அதுவே ஒரு வேலை. எல்லாவற்றையும்விட வேடிக்கை, அவள் வெளுத்துப்போனது. அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம். வெயிலில் நின்று நின்று கறுத்திருந்த கைகள், முகம் எல்லாம் மெல்ல மெல்ல நிறம் விட்டன. மிருதுளா கல்யாணத்தில் சின்ன நாத்தனார் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டாள். "அண்ணி, உண்மையச் சொல்லுங்க, என்ன கிரீம் போடறீங்க?" மேடையில் வீடியோக்காரன் சம்பந்தியம்மா இங்க பாருங்க என்று கத்திக்கொண்டிருந்தான். தமயந்தி சிரித்தாள். தைராய்டுக்கு ஒரு மாத்திரை சாப்பிடறேன், அதுலதான் போல என்றாள். எல்லாருக்கும் அதுதான் சொல்லியிருந்தது. தைராய்டு. வீங்கிய கண்ணுக்குத் தைராய்டு, சோர்வுக்குத் தைராய்டு, மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குத் தைராய்டு. மகளுக்கு வரன் பார்க்கிற காலத்தில் அம்மாவுக்கு இந்த வியாதி என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கல்யாணம் முடிந்ததும் மிருதுளாவிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முடிந்ததும் தலை தீபாவளி வந்தது. அப்புறம் அந்தப் பெண் முழுகாமல் இருந்தாள். ஒரு நல்ல சேதி முடிந்து அடுத்த நல்ல சேதி வருவதற்கு நடுவில் இதைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. தெரிந்த ஒரே ஆள் ரங்கராஜ். அவனுக்கும் அதைப் பேசத் தெரியாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டை எடுத்துக்கொண்டு அவள் எழுந்திருக்கும்போது, "போட்டாச்சா?" என்பான். "ஆச்சுங்க." அவ்வளவுதான். சண்டை போட்டு மூன்று நாள் பேசாமலிருந்தபோதும் அந்த ஒரு வார்த்தை மட்டும் நிற்கவில்லை, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டான். மாத்திரையை நிறுத்தின பிறகு அவனுக்குக் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவள் என்னங்க என்பாள். ஒண்ணுமில்ல என்று எழுந்து போவான்.

நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னது போன மார்கழியில். ரொம்ப வருஷமா உங்க ரிப்போர்ட் சுத்தமா இருக்கு, இந்த மாதிரி இருக்கறவங்க மாத்திரைய நிறுத்திப் பாக்கறாங்க, பாதிப் பேருக்கு அப்படியே நின்னுடுது, மீதிப் பேருக்குத் திரும்ப எட்டிப் பாக்குது, அப்படி வந்தா மறுபடி போட்டுக்கலாம், ஆனா மாசா மாசம் ரத்தம் கொடுக்கணும், ஒரு மாசம்கூட விடக்கூடாது. தமயந்திக்கு அதைக் கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. மைதானத்து ஞாபகம்தான் வந்தது. கற்றுக்கொள்கிறவளுக்குத் தெரியாமல் கையை எடுத்துவிடுவது அவளுடைய பழக்கம். பிடிச்சிருக்கனுங்க, பிடிச்சிருக்கேன் என்று கத்திக்கொண்டே நின்றுவிடுவாள். வண்டி தன்னால் போகும். கொஞ்ச தூரம் போன பிறகு அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள், யாரும் இல்லை என்று தெரிந்ததும் அந்த முகம் போகிற போக்கு. அந்த முகம் இப்போது தனக்கு வந்திருப்பதாகத் தோன்றியது. ரங்கராஜ் ஜிலேபி வாங்கி வந்தான். பொங்கல் கழித்து நிறுத்தினார்கள். முதலில் தோளும் இடுப்பும் ஒரேயடியாக வலித்தன, மாத்திரையை விட்டால் சிலருக்கு அப்படி வலிக்கும் என்றார்கள். மாத்திரை போட்டாலும் வலி, விட்டாலும் வலி, நல்ல நியாயம். பங்குனி வாக்கில் அது அடங்கியது. ஒருநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தால் கண்ணுக்கு மடிப்பு இருந்தது, இமை இமையாக இருந்தது. காபி காபியாக இருந்தது. கையில் பழைய கறுப்பு திரும்பியது. அதே நாத்தனார், வெயில்ல ரொம்ப அலையறீங்களா அண்ணி, கறுத்துட்டீங்களே என்று வருத்தப்பட்டாள். தமயந்தி சந்தோஷமாகக் கறுத்தாள். ஆனால் ராத்திரி படுத்தால் கை தன்னால் இடது விலாவுக்குக் கீழே போகும். அமுக்கிப் பார்க்கும். ஏதாவது தட்டுகிறதா? இல்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினால்? இரண்டு இட்லியோடு நிறுத்தினால் ஏன் இரண்டோடு நிறுத்தினோம் என்று ஒரு யோசனை, உடனே இன்னொன்று எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுக் காட்டுவாள், யாருக்குக் காட்டுகிறாள் என்று தெரியாது. மாடிப்படி ஏறும்போது மூச்சைக் கவனிப்பாள். கவனித்தாலே மூச்சு வாங்கும். மாத்திரை போட்ட காலத்தில் நோயை ஒரு நாளில் ஒரு தடவை நினைத்தால் போதும், விழுங்கிவிட்டு மறந்துவிடலாம். இப்போது நாள் முழுக்க அவளே காவல் இருக்க வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் விடுதலை.

"நீங்க யாருக்குங்க கூட வந்திருக்கீங்க?"

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அம்மாள்தான் கேட்டது. மடியில் டிபன் கூடை, கழுத்தில் வியர்வைக்குக் கைக்குட்டை. அவளுக்கும் தமயந்திக்கும் நடுவில் இருந்தவர்தான் காலை ஆட்டிக்கொண்டிருந்தவர். எழுபதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, சவரம் செய்த முகம். அவர் திரும்பி, மனைவி கேட்ட கேள்வியைத் தானும் கேட்டதுபோலத் தமயந்தியைப் பார்த்தார்.

"எனக்குத்தானுங்க," என்றாள் தமயந்தி.

அந்த அம்மாளின் வாய் கொஞ்சம் திறந்து மூடியது. "பாத்தாத் தெரியலீங்களே," என்றாள். பிறகு, பேச ஆள் கிடைத்த வேகத்தில், பொள்ளாச்சியிலிருந்து வருகிறோம், இவர் பாலகுருசாமி, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், நான் கமலவேணி, குடலிறக்க ஆபரேஷனுக்கு என்று ரத்தம் பார்க்கப்போய் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள், மீன் சினை மாதிரி வெள்ளையணு பெருகிக்கிடக்கிறதாம், இன்றைக்குத்தான் மாத்திரை எழுதித் தருகிறார்கள் என்றெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். இவர் நேற்றிலிருந்து சோறு தின்னவில்லை என்றும் சொன்னாள்.

"தின்னேனே," என்றார் அவர்.

"ரெண்டு வாய்."

பாலகுருசாமி தமயந்தி பக்கம் சாய்ந்தார். ஆபீசில் மேலதிகாரியிடம் கேட்பதுபோலக் குரலைச் சரிப்படுத்திக்கொண்டு கேட்டார். "ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இதுல போய் மாட்டினவங்க வெளிய வந்திருக்காங்களா? யாராச்சும்?"

தமயந்தி அவர் கண்ணைப் பார்த்தாள். மஞ்சள் ஓடிய, தூங்காத கண். இந்தக் கேள்வியை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் யாரிடமும் கேட்கவில்லை, கேட்க ஆளும் இருக்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறவர்கள் ஏராளம் என்று சொல்லலாம், அது நிஜம். அதைத்தான் சொல்லப்போனாள். வாயில் வந்தது வேறு.

"நான் வெளிய வந்திருக்கனுங்க," என்றாள். "ஒம்போது வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். இப்ப நிறுத்திட்டாங்க. தைமாசத்துல இருந்து ஒண்ணுமே சாப்பிடறதில்ல."

கமலவேணி இரண்டு கையையும் கூப்பினாள். யாரை நோக்கிக் கூப்பினாள் என்று தெரியவில்லை, டிவியில் வாழைப்பூ வடை வெந்துகொண்டிருந்தது. பாலகுருசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியா?" என்று மனைவியிடம் சொன்னார். "கேட்டியா? நான் சொன்னேன்ல." பிறகு கூடையைத் திறக்கச் சொல்லி, ஒரு இட்லியை எடுத்துப் பொடி தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

தமயந்தி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏன் அப்படிச் சொன்னோம்? பொய்யா? பொய்யில்லை. கூப்பிட்டு உள்ளே போகிறவரைக்கும் அது நிஜம்தான். இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை அவள் வெளியே வந்தவள்தான். போன மாசத்து ரிப்போர்ட்டை அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். வைகாசி வரைக்கும் ஒவ்வொரு மாசமும் ஒரே வரிதான் வந்துகொண்டிருந்தது: நாட் டிடெக்டட். முதல் தடவை அதைப் பார்த்தபோது மிருதுளாவிடம் அர்த்தம் கேட்டாள், சும்மா ஏதோ விளம்பரத்தில் வந்தது என்று சொல்லி. கண்டுபிடிக்க முடியலைன்னு அர்த்தம்மா என்றாள் அவள். இல்லை என்று எழுத மாட்டார்கள் என்பது தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை வேறு, கண்டுபிடிக்க முடியவில்லை வேறு. எலி இல்லாத வீடு வேறு, எலி கண்ணில் படாத வீடு வேறு. ஆனியில் அந்த வரி போய் ஒரு எண் வந்தது. புள்ளி, பூஜ்யம், அப்புறம் ஐந்து. எவ்வளவு சின்ன எண். புள்ளிக்கு இடதுபக்கம் பூஜ்யம், வலதுபக்கமும் பூஜ்யம், அந்த இரண்டு பூஜ்யத்தையும் தாண்டி மூலையில் அந்த ஐந்து உட்கார்ந்திருந்தது. இதொண்ணும் பெரிசில்ல, சில சமயம் இப்படி ஆடும், அடுத்த மாசம் பார்ப்போம், புள்ளி ஒண்ணைத் தாண்டினாத்தான் யோசிக்கணும் என்றார் டாக்டர். என்னாச்சு என்று கேட்ட ரங்கராஜிடம் எப்பவும்போலத்தானுங்க என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் அவன் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான், வாயில் ஏதோ ஒரு பழைய பாட்டு. நிறுத்த மனசு வரவில்லை. அன்றிலிருந்து எதையெதையோ யோசித்துப் பார்த்துவிட்டாள். ஜிலேபி சாப்பிட்டதாலா? மாரியம்மன் கோவிலுக்கு நேர்ந்துகொண்ட மாவிளக்கை இன்னும் எடுக்காததாலா? மைதானத்தில் அதிகமாக ஓடிவிட்டோமா? சந்தோஷமாக இருந்தோமே, அது அதிகமாகப் போய்விட்டதா? பக்கத்தில் பாலகுருசாமி இரண்டாவது இட்லிக்குப் போயிருந்தார். அவர் தொண்டையில் அது இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, தான் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க நேர்ந்தால் என்ன செய்வது என்று பயம் வந்தது. எழுந்து வேறு வரிசையில் போய் உட்காரலாமா? அவர்கள் உள்ளே போய்விட்டு வரும்வரை கழிவறையில் நின்றுகொள்ளலாமா? எழுந்திருக்க வேண்டுமே. கால் இரண்டும் அவளுடையவை இல்லை என்பதுபோலக் கிடந்தன. இது வெறும் அலுப்பா, அதுவா? இந்தக் கேள்விதான். எந்தக் களைப்பும் வெறும் களைப்பாக இருக்க அனுமதியில்லை. தூக்கம் வந்தால்கூட யார் அனுப்பியது என்று விசாரிக்க வேண்டும்.

நர்ஸ் கதவைத் திறந்து டோக்கன் எண்ணைச் சொன்னபோது அது தன்னுடைய எண் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டர் சுபத்ரா கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் போட்டிருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவர் எழுந்து வருவதைப் பார்த்ததுமே தமயந்திக்குத் தெரிந்துவிட்டது. மீதியெல்லாம் சும்மா, சொல்வதற்காகச் சொன்னது.

"புள்ளி நாலு," என்றார் டாக்டர். "ரெண்டு தடவ பாக்கச் சொன்னேன். ரெண்டு தடவையும் அதேதான்."

"சரிங்க."

"மறுபடியும் ஆரம்பிக்கணும் தமயந்தி."

"சரிங்க."

"அதே மாத்திரைதான். திரும்பப் போட்டா கிட்டத்தட்ட எல்லாருக்குமே பழையபடி இறங்கிடும். இது முத்திப்போனதில்ல, புரியுதா? சீக்கிரமே பிடிச்சுட்டோம். மாசா மாசம் ஒழுங்கா வந்தீங்க, அதனாலதான் பிடிக்க முடிஞ்சுது."

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"ஒண்ணும் பண்ணல." டாக்டர் அதை மெதுவாகச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை, அழுத்தி. "நீங்க ஒண்ணுமே பண்ணல. இது அப்படித்தான். யாருக்கு நிக்கும், யாருக்கு வரும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியறதில்ல. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு."

அழுகை வரும் என்று தமயந்தி காத்திருந்தாள். டாக்டரும் காத்திருந்தார், காகிதக் கைக்குட்டைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது என்னவென்று அவளுக்குப் பெயர் தெரியவில்லை. மளிகைக் கடையிலிருந்து இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு வீடுவரை வந்து, வாசலில் வைத்துவிட்டு, சிவந்த விரல்களை விரிக்கும்போது வருமே, அந்த மாதிரி. இனிமேல் ராத்திரி விலாவை அமுக்கிப் பார்க்க வேண்டாம். மூச்சை எண்ண வேண்டாம். எட்டிப் பார்க்குமா பார்க்குமா என்று இருந்தது, பார்த்துவிட்டது. இதைப் போய் நிம்மதி என்று சொன்னால் யாராவது அடிக்க வருவார்கள். கூடவே, இந்தக் கண்ணிமை மறுபடி வீங்கும், இந்தக் கை மறுபடி வெளுக்கும், நாளைக் காலை காபி எப்படியிருக்கும் என்ற நினைப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியாமல் அவள் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே ஒரு நீலப் பூ.

"மறுபடி எப்பவாவது நிறுத்திப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள். தானா இதைக் கேட்டது என்று இருந்தது.

டாக்டர் சிரித்தார். "முதல்ல இறங்கட்டும். சில பேரு ரெண்டாவது தடவையும் நிறுத்திப் பாக்கறாங்க. அப்பப் பேசுவோம். இன்னிக்குச் சாப்பிட்டதும் ஆரம்பிச்சிடுங்க. மருந்துக் கவுன்ட்டர்ல சொல்லிடறேன், பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க."

வெளியே வந்து கூடத்துக்கு முன்னாலிருந்த நடையில் நின்று ரங்கராஜைக் கூப்பிட்டாள். கணபதி பகுதியில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் அவன் சூப்பர்வைசர். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். எடுத்தான். எடுத்ததும் இரும்பு இரைச்சல் காதில் கொட்டியது.

"சொல்லு புள்ள! சத்தமாச் சொல்லு, மிஷின் ஓடீட்டு இருக்குது!"

"டாக்டரப் பாத்துட்டனுங்க."

"என்ன?"

"டாக்டர். பாத்துட்டேன். அது திரும்பி வந்துருச்சுங்க."

"யாரு வந்தது? மிருதுளாவா?"

"இல்லீங்க. அது."

"ஒண்ணும் கேக்கல. யாரு வந்திருக்கா?"

ஒன்பது வருஷம் நாத்தனாருக்கும், சம்பந்திக்கும், பக்கத்து வீட்டுக்கும், பெற்ற மகளுக்கும் தெரியாமல் நாக்குக்கு அடியில் வைத்திருந்ததை இவ்வளவு தூரம் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடலாம். சாயங்காலம் வீட்டில் வைத்துச் சொல்லலாம், தட்டெல்லாம் கழுவிவிட்டு, விளக்கைக் குறைத்துவிட்டு. அதுவரை யார் சுமப்பது?

"கேன்சருங்க!" என்று கத்தினாள். "எனக்குத் திரும்பி வந்துருச்சு! கேன்சர் திரும்பி வந்துருச்சு!"

நடையில் போனவர்கள் நின்றார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. போனில் இரைச்சல் குறைந்துகொண்டே போயிற்று. அவன் நடக்கிறான், ஷெட்டைவிட்டு வெளியே வருகிறான். ஒரு லாரி ஹாரன் அடித்தது. பிறகு அவன் மூச்சு மட்டும் கேட்டது, வெகுநேரம்.

"மாத்திரை மறுபடி போட்டாச் சரியாயிருமாமா?" என்றான்.

"ஆயிருமாமுங்க."

"ம். எங்க நிக்கற?"

"ஆஸ்பத்திரிலதான். நான் பஸ்ஸுல வந்தர்றேன், நீங்க வேலையப் பாருங்க."

"எங்கயும் போகாத. அங்கயே உக்காரு, வர்றேன்."

"எதுக்குங்க, லீவு சொல்லீட்டு..."

"உக்காருன்னு சொன்னேன்ல புள்ள," என்றான். குரல் உடைந்ததை மறைக்க அதட்டினான். "உக்காரு. வர்றேன்."

திரும்பிக் கூடத்துக்குள் வந்தாள். காலியாக இருந்தது அந்தப் பழைய நாற்காலிதான். வேறு வழியில்லாமல் பாலகுருசாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த டிபன் மூடியைச் சாவகாசமாகத் துடைத்தார்.

"வெளிய வந்துட்டேன்னு சொன்னீங்க," என்றார் கடைசியில். குற்றம் சாட்டுகிற குரலில்லை.

"வந்திருந்தனுங்க. நெசமாத்தான். இன்னிக்குத் திரும்ப உள்ள போகச் சொல்லீட்டாங்க."

"மறுபடி மாத்திரை?"

"ஆமாங்க."

"போட்டா அடங்கிருமா?"

"கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் அடங்கிருமாமுங்க."

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது, பிறகு விரிந்தது. "லைன் டிரிப் ஆகுது. சுவிட்சப் போட்டா கரண்டு வருது," என்றார் மெல்ல, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "நான் வேற மாதிரியில்ல பயந்துட்டிருந்தேன். கம்பமே சாஞ்சுருமாட்டம். அப்பச் சரி." மனைவி பக்கம் திரும்பினார். "அந்த அம்மாவுக்கு ஒரு இட்லி குடு."

தமயந்தி வேண்டாம் என்று தலையசைத்தாள். கமலவேணி வற்புறுத்தவில்லை. எழுந்து, புருஷனை நகரச் சொல்லிவிட்டு, நடுவில் வந்து உட்கார்ந்தாள், கூடையைக் கீழே வைத்தாள். அவள் சேலையிலிருந்து விபூதியும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வந்தது. வீட்டுக்காரர் வர்றாரா என்று மட்டும் கேட்டாள். வர்றாருங்க, கணபதில இருந்து வரோணும், நேரமாகும் என்றாள் தமயந்தி. சொல்லி முடிக்கும்போதே கண் செருகியது. மிருதுளாவிடம் சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிப்பது, குழந்தை வேறு இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது, பரவாயில்லை, சொல்லலாம், மைதானத்தில் நாளைக்குப் புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள், ஒருத்திக்கு சைக்கிளே தெரியாது, இந்தத் தூக்கம் எதனால் வருகிறது, அதனாலா, இல்லை, தூக்கத்தினால்தான், தூக்கம் தூக்கத்தினால் வருகிறது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து எதன்மீதோ தங்கியது, மெத்தென்று இருந்தது, விலகவில்லை. எங்கோ ஒரு ஒலிபெருக்கி கரகரத்தது. தமயந்தி, என்று யாரோ கூப்பிட்டார்கள். தமயந்தி யாருங்க, மருந்து வாங்கிக்கங்க. கையைத் தூக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, கை வரவில்லை. காலடிச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. தலைக்கு மேலே கமலவேணியின் குரல், மிகத் தணிவாக, யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது.

"அவங்க தூங்கறாங்க கண்ணு. அப்புறமா வாங்கிக்குவாங்க."